விந்தபோனாவுக்கு ஒரு நீலக் குண்டூசி

ரோடு வந்துவிட்டது என்று அய்யம்மாள் நம்பியதில் தப்பே இல்லை. ஆவணி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் ஜேசிபி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, டீ கிடைக்குமா என்று கேட்டார். கூட வந்த ஓவர்சியர் நான்கு இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டு, அதைத் தாமே மிதித்து அழித்தார். அரசாங்க வேலை ஆரம்பிக்கப் போகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சியை அந்தப் பக்கத்தில் யாரும் கண்டதில்லை.

ஊர் ஒன்றும் பெரிய ஊர் இல்லை. வெம்பக்கோட்டை ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே நாற்பத்திரண்டு வீடு. எல்லாம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் வேலைக்குப் போகிற சனம். ஊருக்குள் நுழைய ஏழடி அகலத்தில் ஒரு மண்பாதை. ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் பெரிய ஊர் ஒச்சப்பன் காட்டு முள்வேலி. வெயில் காலத்தில் அது பாதை. மழை பெய்துவிட்டால் கரிசல் சேறு முழங்காலைப் பிடித்துக்கொண்டு, எங்கே போறே, ஏன் போறே என்று விசாரிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் அய்யம்மாளின் புருஷன் ஆண்டிச்சாமிக்கு நெஞ்சு வலித்தது. நூத்தியெட்டு வண்டி பாதை முனை வரைக்கும் வந்து நின்றுகொண்டது. கட்டிலில் வைத்துச் சேற்றுக்குள் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியம் முடிந்த மறுநாளே அய்யம்மாள் மனு எழுத ஆள் தேட ஆரம்பித்தாள். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றுகிறவள் அவள். மனுவையும் அந்த மாதிரியே இறுக்கமாகச் சுற்றிச் சுற்றி, பதினெட்டு மனு கொடுத்தாள். பதினெட்டாவதுக்கு ரோடு கிடைத்தது.

இப்போது அவசரமும் இருந்தது. மகன் முனியராஜின் பொண்டாட்டி சினேகாவுக்கு இது தலைப்பிள்ளை. தேதி ஐப்பசிக் கடைசி என்று சொல்லியிருந்தார்கள். ரத்தம் கம்மியாக இருக்கிறது, வலி கண்டதும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லியிருந்தார். அய்யம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். மழைக்கு முன்னால் ரோடு, ரோட்டுக்குப் பின்னால் பிள்ளை. கணக்கு சரியாக வந்தது.

ஜேசிபி முதல் வாளி மண்ணை அள்ளுவதற்குள் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய பெண் தன்னைச் சொர்ணலட்சுமி, ஆய்வு உதவியாளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு ஒரு தாளை ஓவர்சியரிடம் நீட்டினாள். தொன்மை ஊர்ப்பெயர் உயராய்வு நடுவம் என்று தாளின் பாதிக்குத் தலைப்பே இருந்தது. விந்தபோனா என்னும் இவ்வூரின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கருதப்படுவதால், பெயரைச் சுற்றி முந்நூறு மீட்டருக்கு மண்ணை அசைக்கக் கூடாது என்று மீதிப் பாதியில் இருந்தது.

ஓவர்சியர் இரண்டு தடவை படித்தார். "பேரைச் சுத்தி முந்நூறு மீட்டர்னா, பேரு எங்கன இருக்குன்னு அளக்க?" என்று கேட்டார். அதுவும் ஆய்வில் இருப்பதாகச் சொர்ணலட்சுமி சொன்னாள். ஜேசிபி டிரைவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

நடுவம் இருந்தது சூலக்கரையில், கலெக்டர் ஆபீசையும் தாண்டி, ஒரு வாடகைக் கட்டடத்தில். கட்டடத்தைவிடப் போர்டு நீளமாக இருந்ததால், மீந்த பகுதியைப் பக்கத்துச் சைக்கிள் கடைச் சுவரில் தொடர்ந்து எழுதியிருந்தார்கள். வாசலில் ஒரு பதிவேடு. பெயர், ஊர், மொழிக் குடும்பம் என்று மூன்று கட்டம். மூன்றாவதற்கு என்ன சொல்வதென்று அய்யம்மாள் முழித்தாள். வாட்ச்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதர" என்று தானே எழுதிக்கொண்டார்.

உள்ளே சுவரை அடைத்துக்கொண்டு மாவட்டத்தின் படம். படம் முழுக்க வெள்ளைக் குண்டூசி குத்தியிருந்தது. கெல்டிக் மொழி ஊர்ப்பெயருக்கு நீலக் குண்டூசி, ஹிட்டைட்டுக்குச் சிவப்பு, தொகாரியனுக்கு மஞ்சள் என்று, பழைய அயல்நாட்டு மொழிகளுக்கு ஒவ்வொரு நிறமாக, படத்தின் அடியில் விளக்கம். வெள்ளை என்றால் இதர. தமிழ் அதில் அடக்கம். நடுவம் தொடங்கி ஒன்பது வருடத்தில் அந்த மாவட்டத்தில் வெள்ளையைத் தவிர வேறு குண்டூசி குத்த வாய்க்கவில்லை. நீலக் குண்டூசி டப்பா, வாங்கின அன்றைக்கு ஒட்டியிருந்த பேப்பர்கூடக் கிழிக்காமல் கண்ணாடிப் பீரோவில் இருந்தது. இனியும் ஒன்றும் அகப்படாவிட்டால் நடுவத்தை மூடலாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்த வாரத்தில்தான், இயக்குநர் வடை மடித்து வந்த பேப்பரில் 'விந்தபோனா குடியிருப்பு இணைப்புச் சாலை' என்ற டெண்டர் அறிவிப்பைப் படித்திருக்கிறார். ஆக, ரோட்டை நிறுத்தியது ரோடுதான்.

இயக்குநர் முனைவர் மணிகண்டராஜ் அய்யம்மாளை அன்பாகவே உட்காரச் சொன்னார்.

"அம்மா, ஐரோப்பாவில் தன்யூப் என்று ஓர் ஆறு. அதன் கரையில் ஒரு மாநகரம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அதன் பெயர் என்ன தெரியுமா? விந்தபோனா. வைத்தவர்கள் கெல்ட் மக்கள். விந்த என்றால் வெண்மை, போனா என்றால் குடியிருப்பு என்பார்கள். அந்த மொழி அங்கே என்றைக்கோ செத்துப்போய்விட்டது. பெயர் மட்டும் நின்றது. பேசினவர்கள் போன பிறகும் பெயர் சாட்சி சொல்லும். அதுதான் எங்கள் துறையின் அடிப்படை."

"எங்க ஊரு கரிசலுங்கய்யா. வெள்ளையா ஒண்ணுமே கெடையாது."

"எதிர்மறைப் பெயரிடல்," என்றார் இயக்குநர். சொர்ணலட்சுமி குறித்துக்கொண்டாள். "கெல்ட் மக்கள் ஆற்றங்கரையில்தான் குடியேறுவார்கள். உங்களுக்கு வைப்பாறு இருக்கிறது."

"அதுல தண்ணி வாரது இல்லீகளே."

"அதனால்தான் அவர்கள் போய்விட்டார்கள்."

இதற்கு மேல் சுற்றி வளைப்பதில் பிரயோசனம் இல்லை என்று அய்யம்மாளுக்குப் பட்டது. "அய்யா, அந்தப் பேரை வச்சது நான்தான்," என்றாள்.

சொன்னது நிஜம். எண்பத்து நான்கில், அவளுக்குப் பன்னிரண்டு வயது. தீப்பெட்டிக் கம்பெனிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஆர்டர் கொடுத்து, அவன் ஊர்ப் பழைய பெயரையே லேபிளில் அச்சடிக்கச் சொல்லியிருந்தான். கணக்கப்பிள்ளை அதை 'விந்தபோனா லோடு' என்பார். அந்த வருஷம்தான் பெரிய ஊர்க்காரர்களோடு தகராறாகி, இவர்கள் ஓடைக்கு இந்தப் பக்கம் வந்து குடிசை போட்டார்கள். ஆர்டர் பாதியில் நின்றுபோனதால் பார்சல் பெட்டிகள் மீந்தன. கம்பெனிக்காரர் பெயர் பொறித்த அந்தப் பலகையைக் கொடுக்க, நாற்பத்திரண்டு வீட்டுக்கும் கதவு ஆயிற்று. பலகை இடுக்கில் வெளிச்சம் வராமலிருக்க, மீந்த லேபிள் ஷீட்டுகளை ஒட்டினார்கள்.

அப்போது ரேஷன் கார்டு எழுத ஓர் அதிகாரி வந்தார். ஊர் பேர் என்ன என்றார். பெரியவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பெரிய ஊர்க்காரர்கள் இவர்கள் இடத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை, வாயால் சொல்வதற்கே கூசும். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதிகாரி காத்திருந்தார். பசைக் கையோடு எழுந்து போன அய்யம்மாள் ஒரு லேபிளை நீட்டி, "இதை எழுதிக்கிடுங்க சார்," என்றாள். அவர் எழுதிக்கொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் அவளுடைய அப்பா அவளுக்கு ஒரு சேவுப் பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தார். அவளுக்கு வாழ்க்கையில் பெருமை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

இயக்குநர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு பீரோவிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். அதன் தலைப்பு, 'நானே வைத்தேன் வகை'.

"ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார்," என்றார். "இதை நாங்கள் பொய் என்று சொல்வதில்லை. மக்கள் நம்பிக்கை என்போம். ஆனால் சான்றாக எடுக்க மாட்டோம். மனிதர்கள் பொய் சொல்வார்கள், மறப்பார்கள், செத்துப்போவார்கள். பெயர் அப்படியில்லை. ஆகவே நடுவத்தின் விதிப்படி நாங்கள் எந்த ஊரைப் பற்றியும் அந்த ஊர்க்காரர்களிடம் விசாரிப்பதில்லை. அவர்களுக்கு அதில் சொந்த நலன் இருக்கும்."

"அப்ப யார்ட்ட விசாரிப்பீக?"

"நூல்களிடம்."

"அந்த நூலை எழுதுனவுக எங்க ஊருக்கு வந்திருக்காகளா?"

"வந்திருந்தால் நடுநிலை போய்விடுமே, அம்மா."

அடுத்த வாரம் அரை நாள் கூலியை விட்டுவிட்டு அய்யம்மாள் மறுபடியும் போனாள். இந்தத் தடவை கையில் அத்தாட்சி இருந்தது. டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த ஒரு முழு லேபிள் ஷீட். ஓரத்தில் அச்சகத்தின் பெயர், சிவகாசி, வருடம் எல்லாம் கிடந்தது. இதைப் பார்த்தால் யாருக்கும் புரியும் என்று பஸ்ஸில் வரும்போது அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஷீட்டைப் பார்த்ததும் இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "எழுத்துச் சான்று," என்றார். "இந்த ஊரின் பெயர் ஐரோப்பாக்காரனுக்கே தெரிந்திருக்கிறது. அவன் அதைத் தேடிக்கொண்டு வந்து சிவகாசியில் அச்சடித்திருக்கிறான்."

"இல்லீகய்யா. அவன் ஊருப் பேரு அது. லேபிள்ல இருந்துதான் நாங்க எடுத்தோம்."

"ஆயிரம் லேபிள் இருந்திருக்கும் கம்பெனியில். புலி இருந்திருக்கும், மயில் இருந்திருக்கும். நீங்கள் ஏன் இதைத் தொட்டீர்கள்? யோசித்துப் பாருங்கள். அந்த மண் உங்கள் கையைப் பிடித்து எடுக்க வைத்திருக்கிறது."

மண் ஒன்றும் கையைப் பிடிக்கவில்லை. புலிப் படமும் மயில் படமும் பெரிய ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கின. அவர்களுக்குத் தெரியாத பேராக ஒன்று வேண்டும், அவர்கள் வாயில் நுழையாத பேராக வேண்டும் என்றுதான் அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை அதை எடுத்தது. இதை அய்யம்மாள் எடுத்துச் சொல்வதற்குள் ஷீட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பாதுகாப்புக்காக என்று ஒரு ரசீது கொடுத்தார்கள்.

புரட்டாசி பிறந்தது. சினேகா தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் பாதையில் ஒச்சப்பன் எதிரில் வந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது ஏக்கர்காரர்.

"ஏத்தா அய்யம்மா, ஒரு யோசனை சொல்றேன் கேளு. இந்தப் பேரு இருக்கதுனாலதான ரோடு நிக்கிது? பழைய பேரு ஒண்ணு இருந்துச்சுல்ல. அந்தப் பேருதான் எங்க ஊருன்னு எழுதிக் குடுத்திருங்க. வேலை முடிஞ்சிரும்." அவர் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே உதவி செய்கிற முகம்தான் அது. அய்யம்மாளுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது முனியராஜ் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அந்தப் பேரை என் பிள்ளை சர்ட்டிபிகேட்ல எழுதுறதுக்கு, பிள்ளையே பெறாம இருக்கலாம்," என்றான். சினேகா சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அய்யம்மாள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆண்டிச்சாமி கட்டிலில் கிடந்து, "இன்னும் எம்புட்டுத் தூரம்" என்று கேட்டுக்கொண்டே போனது அவளுக்கு மறக்கவில்லை. மறுநாள் மகனுக்குச் சொல்லாமல் சூலக்கரைக்குப் போனாள். நாற்பது வருஷமாக அவள் வாயால் சொல்லாத அந்தப் பெயரைப் படிவத்தில் எழுதச் சொல்லி, கீழே கையெழுத்துப் போட்டாள். அவமானத்தில் கண் கலங்கி, எழுத்து இரண்டாகத் தெரிந்தது.

இயக்குநர் படித்துவிட்டுச் சிரித்தார். "சான்றை மாற்றச் சாட்சிக்கு உரிமை கிடையாது, அம்மா. ஆனால் இந்த இன்னொரு பெயரையும் பதிவு செய்துகொள்கிறேன். கெல்ட் மக்கள் வருவதற்கு முன்பு இங்கே வாழ்ந்தவர்கள் வைத்ததாக இருக்கலாம்."

அந்தப் படிவத்தைத் திருப்பித் தரும்படி அய்யம்மாள் கேட்டாள். கோப்பில் சேர்ந்துவிட்டது என்றார்கள்.

ஐப்பசி முதல் வாரம், தீபாவளி சீசன் லோடெல்லாம் போய் முடிந்து கம்பெனிகள் ஓய்ந்திருந்த நாளில், நடுவத்தார் பாதை முனையில் ஊர்ப்பெயரைப் பொறித்து ஒரு கல் நாட்டினார்கள். ஏழடிப் பாதையில் ஓரமாக நட்டால் தொன்மைக்கு மரியாதை இல்லை என்று நட்ட நடுவில் நட்டார்கள். முந்நூறு மீட்டருக்குள் மண்ணை அசைக்கக் கூடாதே என்று முனியராஜ் கேட்டதற்கு, கல்லுக்குத் தனி ஆணை வாங்கியிருப்பதாகச் சொர்ணலட்சுமி மெதுவாகச் சொன்னாள். சூலக்கரையிலிருந்து மாவட்டப் படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து பந்தலில் மாட்டியிருந்தார்கள். நீலக் குண்டூசி டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஒட்டுப் பேப்பரைக் கிழித்தார் இயக்குநர். குண்டூசி குத்துகிற நேரத்தில் நாதஸ்வரம் வாசித்தார்கள்.

"உலகத்தின் எந்த மூலையில் ஒரு மொழி அழிந்தாலும் அது ஒரு பெயரில் உயிர் வாழும்," என்று இயக்குநர் பேசினார். "இந்த நடுவத்தைச் சிலர் மூடப் பார்த்தார்கள். விந்தபோனா எங்களைக் காப்பாற்றியது. இந்த ஊரில் இன்றைக்கு யாரோ சிலர் வசிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அவர்களால் பெயருக்கு எந்தச் சேதமும் வராதபடி பார்த்துக்கொள்வது நம் கடமை."

கைதட்டு ஓய்ந்ததும் அய்யம்மாள் எழுந்தாள். "அய்யா, எம் மருமகளுக்கு இது மாசம். கல்லை அங்கிட்டுத் தள்ளி வச்சுக்கிடுங்க. வண்டி உள்ள வராது." அவள் சொன்னதைச் சொர்ணலட்சுமி ரெக்கார்டரில் பதிந்துகொண்டாள். பிற்பாடு அது 'வாய்மொழி இலக்கியம்: முறையீட்டுப் பாடல்' என்ற தலைப்பில் நடுவத்தின் மலரில் வந்தது.

எல்லாரும் போன பிறகு அய்யம்மாள் கல்லுக்கும் வேலிக்கும் நடுவே நின்று கையை விரித்துப் பார்த்தாள். பிறகு கல்லுக்கும் ஓடைக்கும் நடுவே. கட்டில் போகாது. இரண்டு பக்கமும் போகாது.

அன்றிலிருந்து நான்காம் நாள் மழை பிடித்தது. பாதையில் ஓடையை ஒட்டின பள்ளத்தில் ஆள் நடக்க முடியவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் துணியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் பார்த்தாள் அய்யம்மாள். மூன்றாம் நாள் காலையில் கடப்பாரையை எடுத்துத் தன் வீட்டுக் கதவைப் பெயர்த்தாள். அதைக் கொண்டுபோய்ச் சேற்றின் மேல் போட்டு, ஏறி நின்று பார்த்தாள். அமுங்கவில்லை. மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டு வீட்டுக் கதவும் வந்துவிட்டது. இருநூற்றைம்பது அடிப் பள்ளத்துக்கு வரிசையாகக் கதவு போட்டார்கள். திருட்டுப் பயம் இல்லையா என்று ஒருத்தி கேட்டதற்கு, "திருடன் வாரதுக்கும் இதான் பாதை. அவனும் நல்லா நடந்து வரட்டும்," என்று அய்யம்மாள் சொல்ல, நெடுநாளைக்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

அவ்வளவு சேற்றிலும் கல்லை வருடாந்திரப் பரிசோதனை செய்ய வந்தார் இயக்குநர். கல் நட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது என்றாலும் நிதியாண்டு முடிவதற்குள் செய்ய வேண்டிய பரிசோதனை அது. கல்லுக்கு அப்பால் எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மரப்பாதை," என்றார். "சதுப்பு நிலத்தில் பலகை பாவி நடப்பது பழைய ஐரோப்பாவின் வழக்கம். இங்கேயும் போட்டிருக்கிறார்கள். பெயரோடு பழக்கமும் வந்திருக்கிறது, சொர்ணலட்சுமி. ஒவ்வொரு பலகையிலும் ஊரின் பெயர் வேறு பொறித்திருக்கிறது."

"சார், அது அவங்க வீட்டுக் கதவுங்க சார்," என்றாள் சொர்ணலட்சுமி.

"இப்போது கதவாக இருக்கிறதா?"

அவள் யோசித்தாள். "இல்லைங்க சார்."

சாயங்காலமே ஆணை வந்தது. இரண்டு பக்கமும் குச்சி நட்டு மஞ்சள் கயிறு கட்டினார்கள். தொல் மரப்பாதை, யாரும் நடக்கக் கூடாது. காவலுக்குச் சங்கிலிமுத்து என்று ஓர் ஆளைப் போட்டார்கள். பாவம், அவரும் பக்கத்து ஊர்க்காரர்தான். கயிற்றைத் தாண்ட விட்டால் வேலை போய்விடும் என்று ஒவ்வொருவரிடமும் கையெடுத்துக் கும்பிட்டார். சனம் மறுபடியும் சேற்றில் இறங்கியது. வீடுகளுக்குக் கதவும் இல்லை. சேலையைக் குறுக்கே கட்டிக்கொண்டு சமைத்தார்கள்.

ஐப்பசி இருபத்திநான்கு, காலை ஒன்பது மணிக்குச் சினேகாவுக்கு வலி கண்டது. தேதிக்கு ஐந்து நாள் இருந்தது. வலியோடு ரத்தமும் போனது. ஆம்பிளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது என்பதால் முனியராஜுக்குத் தகவல் சொல்ல வழியில்லை. நூத்தியெட்டுக்குப் போன் போட்டதும், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார்கள். பேரைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் உடனே அகப்பட்டது. நடுவம் அதை உலகப் படத்திலேயே ஏற்றி வைத்திருந்தது. வண்டி பன்னிரண்டு நிமிஷத்தில் வந்து, கல்லுக்கு முன்னால் நின்றது.

எட்டுப் பெண்கள் கட்டிலைத் தூக்கினார்கள். தலைமாட்டில் அய்யம்மாள். பள்ளத்துக்கு வந்ததும் சங்கிலிமுத்து குறுக்கே நின்று, "அம்மா, கயித்துக்கு இந்தப் பக்கமா போயிருங்க. உங்க கால்ல விழுறேன்," என்றார். சேற்றுக்குள் இறங்கினார்கள். பத்தடி போவதற்குள் ஒருத்தி விழுந்தாள். கட்டில் சாய்ந்தது. சினேகா, "அத்தே" என்று கூப்பிட்டாள். கூப்பிடக் கூப்பிடக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. இன்னும் பத்தடி. இன்னொருத்தி விழுந்தாள்.

அய்யம்மாள் இடுப்பில் இருந்த பிளேடை எடுத்தாள். காகிதக் குழாய் நறுக்குகிற பிளேடு. மஞ்சள் கயிறு ஒரு இழுப்பில் அறுந்தது.

"அண்ணே, நகருங்க. இது எங்க வீட்டுக் கதவு," என்றாள்.

சங்கிலிமுத்து நகர்ந்துகொண்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கதவுகளின் மேல் அவர்கள் ஓடினார்கள் என்றே சொல்ல வேண்டும். கல்லுக்குப் பக்கத்தில் கட்டில் போகவில்லை. கீழே இறக்கி, சினேகாவை இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தாங்கி, கல்லைச் சுற்றி நடத்திக் கொண்டுபோனார்கள். கல்லில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நிற்க நேரமில்லாத நேரம் அது.

சினேகா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை. வந்து சேர்ந்தது கொஞ்சம் தாமதம் என்று டாக்டரம்மா சொன்னார். எவ்வளவு தாமதம் என்று அய்யம்மாள் கேட்டாள். அதைச் சொல்லி என்னம்மா ஆகப்போகிறது என்று டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார். முனியராஜ் ஆஸ்பத்திரி வாசலில், பட்டாசு மருந்து படிந்த கையோடு, உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் சாயங்காலம் அந்த எட்டுப் பேரும் கதவுகளின் மேல் நடந்து ஊருக்குத் திரும்பினார்கள். யாரும் அவர்களை நிறுத்தவில்லை.

தை மாதம் சொர்ணலட்சுமி தனியாக வந்தாள். அய்யம்மாள் வீட்டு வாசலில் சேலைத் தடுக்குக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். கையில் நடுவத்தின் அறிக்கை, வழவழப்பான தாளில் புத்தகமாக அச்சடித்தது. இயக்குநர் அதை வெளிநாட்டு மாநாட்டில் வாசிக்கப் போகிறாராம். தகவலாளி கையெழுத்து என்று கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. அதற்காகத்தான் வந்திருந்தாள். அவள் முகம் சரியில்லை.

"என்ன எழுதியிருக்குன்னு வாசிங்கம்மா. கேட்டுட்டுப் போடுறேன்," என்றாள் அய்யம்மாள்.

சொர்ணலட்சுமி தயங்கினாள். பிறகு கடைசி அத்தியாயத்தைப் பிரித்து வாசித்தாள்.

"மரப்பாதையின் மீதும் அருகிலும் எட்டுப் பெண்களின் காலடித் தடங்கள் உலர்ந்த நிலையில் கிடைத்துள்ளன. இம்மக்களின் பெண்கள் காலணி அணிவதில்லை எனத் தெரிகிறது. தடங்கள் முதலில் சேற்றில் இறங்கி, இருபதடிக்குப் பின் பாதைக்கு ஏறுகின்றன. ஏன் ஏறினார்கள் என்பது ஆய்வுக்குரியது. போகும் தடங்கள் ஆழமானவை. திரும்பும் தடங்கள் ஆழமற்றவை. எனவே கனமான ஒன்றைச் சுமந்து சென்று, நடுகல்லின் அருகே விட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். இது ஒரு வழிபாட்டுச் சடங்காக இருக்கலாம். அவர்கள் சுமந்தது என்ன என்பதை இனி அறிய வழியில்லை. கேட்பதற்கு அம்மக்களில் எவரும் இன்று இல்லை."

வாசித்து முடித்துவிட்டுச் சொர்ணலட்சுமி தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உள்ளே சினேகா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

அய்யம்மாள் பேனாவை வாங்கினாள். கட்டத்தைப் பார்த்தாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"எட்டுப் பேரும் இங்கனதான் இருக்கோம்," என்றாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்போமே."